ஜன்னலைச் சாத்திப் பின்னிய சடை

எஸ்தர் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் எனாமல் பேசின். அதில் வெந்நீர். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அதற்குள் விட்டிருக்கிறாள். நான் அவளுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, அவள் முடியை மூன்று பிரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சமையலறை ஜன்னல் சாத்தியிருக்கிறது. அடுப்பு மேடையில் தேங்காயெண்ணெய் விளக்கு எரிகிறது. யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது.

"இன்னிக்கு எப்படி?" என்று கேட்கிறேன்.

"போர்ட்டர் வேலைக்கு வந்துட்டாரு. ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் இன்னும் எழுந்திரிக்க மனசில்ல."

போர்ட்டர் என்பது அவளுடைய இடது முழங்கால். ஸ்டேஷன் மாஸ்டர் வலது. மலாயாவில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவளுக்கு வலிக்குப் பெயர் வைக்க வேறு எங்கே போக வேண்டும்? பத்து விரல்களுக்கும் சேர்த்து 'கூலியாட்கள்' என்று பெயர். அவர்கள் எப்போதும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

இத்தனை வாரங்களாக இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவருவதைப் படிக்கும் ஓர் அம்மையார், ஈப்போவிலிருந்து கடிதம் போட்டிருந்தார். ரயில் எஞ்சின்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், உங்கள் மனைவியைப் பற்றி ஏன் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எழுதாததற்குக் காரணம் உண்டு. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வெந்நீர் ஆறும் வரை

கல்யாணமான இரண்டாம் ஆண்டில் அவள் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. பிறகு மணிக்கட்டு, முழங்கால், தோள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கிழவிகளுக்கு வருவது இவளுக்கு ஏன் வந்தது என்று சபையில் பலர் கேட்டார்கள். அவளும் கேட்டிருப்பாள். என்னிடம் கேட்டதில்லை.

யுத்தத்துக்கு முன்னால் டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்றால் வலி குறையும், ஆனால் காதுக்குள் வண்டு ரீங்காரமிடுவது போல ஒரு சத்தம் வரும். ஜப்பான்காரன் வந்தபின் மாத்திரை நின்றுபோனது. "அந்த வண்டுச் சத்தம் ஒரு நாளைக்குக் கேட்டா போதும்" என்று அவள் சொல்வாள். இனிப்புக்கு ஏங்குகிறவர்கள் சீனியைப் பற்றிப் பேசுவது போலத்தான் அதைச் சொல்வாள்.

காலையில் எழும்போது விரல்கள் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கும். வெந்நீரில் வைத்து, ஒவ்வொன்றாக, மெதுவாகத் திறக்க வேண்டும். முழுதாகத் திறக்க இரண்டு மணி நேரம் ஆகும். தண்ணீர் ஆறிவிட்டால் மறுபடி சூடாக்க வேண்டும். விறகுக்குத் தட்டுப்பாடு. அதனால் முதல் சூட்டிலேயே முடிந்த அளவு திறந்துகொள்ளப் பார்ப்பாள்.

மற்ற எல்லாவற்றுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். குழாயைத் திருப்ப, பிளவு வைத்த ஒரு கட்டை. கதவு தாழ்ப்பாளில் ஒரு துணி வளையம், முன்கையை விட்டு இழுக்க. கெண்டியைத் தூக்கமாட்டாள், சிரட்டை அகப்பையால் மொண்டு ஊற்றுவாள். ஈரத்துணியைப் பிழிய, அதைத் தூணில் சுற்றி, முனைகளை இடுப்பில் செருகி, தூணைச் சுற்றி நடப்பாள். வலி குறைந்த ஒரு நாளில் உட்கார்ந்து சேலைக் கொசுவங்களை மடித்தபடியே தைத்துக் கொக்கி வைத்துவிட்டாள். ஒரு வேலை செய்தால் அடுத்து ஓர் உட்காரல். உலை கொதிப்பது போலவே அதுவும் சமையலில் ஒரு பகுதி.

தலை வாருவதற்கு மட்டும் அவளால் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை. கை தோளுக்கு மேல் எழாது. முடியோ இடுப்பைத் தாண்டி இருந்தது.

அதனால் நான் கற்றுக்கொண்டேன். முதலில் மூட்டை கட்டும் சணல் கயிற்றில் பின்னிப் பழகினேன். பிறகு அவள் தலையில். "இழுக்காதீங்க. இது என்ன கூட்ஸ் வண்டியா?" என்பாள். ஒரு மாதத்தில் நேர் வகிடு எடுக்கக் கற்றுவிட்டேன். அவள் முடிக்கு ஈரமண் போன்ற ஒரு வாசனை இருந்தது. இதை எழுதும்போது கூட அது வந்துவிட்டுப் போகிறது.

ஜன்னலைச் சாத்தியது நான்தான். ஓர் ஆண்பிள்ளை பெண்டாட்டிக்குச் சடை பின்னுகிறான் என்று வெளியே தெரிந்தால், எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே தேவைப்படாது.

டோக்கியோ மணி

வந்தவர்கள் எங்கள் கடிகாரத்தையும் மாற்றினார்கள். மலாயா முழுவதும் டோக்கியோ நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நேற்று வரை ஐந்தரையாக இருந்தது இன்று ஏழு. சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. எஸ்தரின் மூட்டுகளுக்கும் போய்ச் சேரவில்லை.

நான் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. டோக்கியோ எட்டு மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். அதனால் வெந்நீரும் சடையும் இருட்டுக்குள் போயின. முன்பு வெளிச்சம் வந்தபின் பின்னுவோம், விளக்கு தேவையில்லை. ஜன்னலைச் சாத்தினால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. இப்போது வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. ஜன்னல் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இருட்டில் நிற்பவனுக்கு அந்த இடைவெளி எவ்வளவு காட்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் சரக்கு ரயிலில் கார்டு. அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து வருவார்.

கோப்பிக் கடையில் சொன்னது

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கோப்பிக் கடை. வறுத்த சோளத்தில் போட்ட, சீனியில்லாத ஏதோ ஒன்றைக் கோப்பி என்று குடித்தோம். ஒரு நாள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தபோது மாணிக்கம் அண்ணன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"முடி மட்டும் இருந்திருந்தா உங்ககிட்டத்தான் வந்து உக்காந்திருப்பேன் கிராணியாரே. ஒத்தைச் சடையும் பின்னுவீங்களா, ரெட்டைச் சடை மட்டும்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் விஷம் ஒன்றும் இல்லை. அவர் எல்லோரையும் அப்படித்தான் சீண்டுவார். நான், "வாங்க, நல்லெண்ணெய் வச்சே பின்னிவிடுறேன்" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் அப்படி ஒரு நூறு பதில்கள் இருந்தன. இத்தனை வருடத்தில் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன்.

நான் சொன்னது இது:

"அவளுக்கு ஒண்ணும் இல்லண்ணே. சோம்பேறித்தனம். கை வலி, கால் வலின்னு ஒரு நாடகம். கொஞ்ச நாள் பாத்துட்டு நிறுத்திடுவேன்."

சிரிப்பு என்னை விட்டு அவள் பக்கம் போனது. நான் நிம்மதியாகக் கோப்பியைக் குடித்து முடித்தேன். அந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் காலையும் வழக்கம்போல ஜன்னலைச் சாத்தி அவளுக்குச் சடை பின்னினேன்.

நான் படித்தவன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன். ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்று தெரியாதவன் இல்லை. தெரிந்தே சொன்னேன் என்றும் இல்லை. என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்து வீசினேன். கிடைத்தது அவள்.

வீட்டுக்கு ஓர் ஆள்

அரிசி அருகிவிட்டது. எல்லாரும் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொரு வரிசை வீடுகளுக்கும் ஒரு தலைவர் இருந்தார். வேலைக்குப் போகும் ஆண்களைத் தவிர வீட்டுக்கு ஓர் ஆளை, முறை வைத்து, ஆற்றோரத் திடலுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வரிசைக்குத் தலைவர் பாக்கியநாதன் ஐயா. ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். எஸ்தர் பெயருக்கு எதிரே 'நோய்' என்று எழுதி, இரண்டு முறை அவளை விட்டுவிட்டிருந்தார்.

மூன்றாம் முறை அவர் ஒரு மாலை எங்கள் வாசலுக்கே வந்தார். கையில் பட்டியல். மாணிக்கம் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். கோப்பிக் கடையில் இருந்தவர்கள்தாம்.

தலைவருக்குத் தர்மசங்கடம். கோப்பிக் கடைப் பேச்சு குழாயடிக்கு வந்து, குழாயடியிலிருந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தது. மற்றப் பெண்கள் கேட்கிறார்களாம், நாடகம் போடுகிறவளுக்கு மட்டும் என்ன விலக்கு என்று. பட்டியலில் பொய் இருப்பது மேலே ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் கன்னத்தில் அறை வாங்குவது அவர்தான்.

"நீயே சொல்லு தம்பி," என்றார். "உடம்புக்கு முடியாதுன்னு நீ சொன்னா நான் அப்படியே எழுதிக்கிறேன். எனக்கு உன் வார்த்தை போதும்."

இவ்வளவு எளிதாக ஒரு வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. முடியாது என்று ஒரு சொல். ஆனால் அதைச் சொன்னால் கோப்பிக் கடையில் நான் சொன்னது பொய்யாகும். அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வருவா," என்றேன்.

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு 'நோய்' என்பதை அடித்தார்.

உள்ளே எஸ்தர் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வாசலில் பேசினால் அடுப்படியில் கேட்கும். நான் போய் நின்றபோது அவள் நிமிரவில்லை.

"எத்தனை நாள்?"

"மூணு."

"காலையில எத்தனை மணிக்கு?"

"ஏழு. டோக்கியோ ஏழு."

"அப்போ அஞ்சரை," என்றாள். கத்தியை வைத்துவிட்டு விரல்களைப் பார்த்தாள். "ஏழரைக்குத்தான் திறக்கும்."

நம் மணியில் ஏழரை. மறுபடி கத்தியை எடுத்தாள்.

திடலில்

நான் அலுவலகத்தில் இருந்தேன். திடலில் நடந்ததை மாணிக்கம் அண்ணனின் மனைவி ரெங்கம்மா அக்கா பின்னால் சொன்னார்கள்.

மண்வெட்டி பிடிக்க முடியாததால் எஸ்தரிடம் மரவள்ளிக் குச்சிகளைக் கொடுத்தார்கள். குனிந்து, மண்ணில் குத்தி, அமுக்கி, அடுத்த அடிக்கு நகர வேண்டும். விரல் மடங்கியிருந்ததால் உள்ளங்கையால் அமுக்கினாளாம். பக்கத்து வரிசையில் ஒருத்தி, "நல்லாத்தானே குனியுது" என்றாளாம். இன்னொருத்தி நேராகவே சொல்லிவிட்டாள்: "உன் வீட்டுக்காரரே சொன்னாராமே, நாடகம்னு."

அதற்குப் பிறகு எஸ்தர் உட்காரவே இல்லை என்றார்கள் அக்கா. நடுவில் ஓய்வு கொடுத்தபோதும் நின்றுகொண்டே இருந்தாளாம். மூன்று நாளும் அவள் பங்கு வரிசைகளை அவளே முடித்தாள்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வருவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். நீர் நிறைந்த சட்டி ஒன்றை ஏந்தி வருவது போல இரண்டு கைகளையும் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் காலை

வெந்நீர் வைத்தேன். பலகை போட்டேன். அவள் கைகளை நானே பேசினுக்குள் வைத்தேன். சீப்பை எடுத்தவன், ஏதோ தோன்றி, போய் ஜன்னலைத் திறந்தேன். இரண்டு கதவையும் அகலமாகத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதுவே ஒரு பெரிய காரியம், மன்னிப்புக் கேட்பதை விடப் பெரியது என்று எனக்கு அப்போது பட்டது.

எஸ்தர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்:

"சாத்திடுங்க. யாராச்சும் பாத்தா, நீங்க சொன்னது பொய்யுன்னு ஆயிடும்."

கோபம் இல்லை. குத்தலும் இல்லை. குழாய் சொட்டுகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்காகத்தான் சொன்னாள்.

நான் சாத்தினேன்.

அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். அப்போதும் நான் சாத்தினேன்.

அன்று மூன்று முறை தண்ணீர் சூடாக்கியும் விரல்கள் திறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் திறக்கவில்லை. பிற்காலத்தில் ஒரு டாக்டர் என்னிடம், அந்த நோய் எப்படியும் அந்த வழியில்தான் போயிருக்கும், மூன்று நாள் வேலையால் வந்ததென்று சொல்ல முடியாது என்றார். நல்ல மனதோடு சொன்னார். அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கிள்ளானில்

தனியாக அவளால் சமாளிக்க முடியாமல் போனதால் கிள்ளானுக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் என்று சொல்லி அனுப்பியது. யுத்தம் முடியும் வரை அங்கேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மாணிக்கம் அண்ணன் தன் கார்டு பெட்டியில் என்னை ஏற்றிக்கொள்வார். முதல் சில வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் இன்றைய ஷா ஆலாம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி நின்றுகொண்டிருந்தபோது அவர் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன் கிராணியாரே. நீங்க வேற என்னத்தையாச்சும் சொல்லியிருக்கலாம்."

"ஆமாண்ணே," என்றேன்.

போகும்போதெல்லாம் சட்டைப்பையில் சீப்பைக் கொண்டுபோவேன். அவள் அம்மாவுக்குக் கண் சரியில்லை, வகிடு கோணும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் முறை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த நேரத்தில் காலியான சமையலறையில் ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்திருப்பேன். செய்ய ஒன்றும் இருக்காது. மணி மட்டும் டோக்கியோவில் ஓடும்.

ஒரு ஞாயிறு போய் நின்றபோது அவள் கதவைத் திறந்தாள். முடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. சோப்பு இல்லாத காலம், பேன் வேறு, அம்மாவால் பராமரிக்க முடியவில்லை.

"பாரம் குறைஞ்சிருச்சு," என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் பிடரியை நான் அதுவரை முடி மறைக்காமல் பார்த்ததில்லை. அங்கே ஒரு சின்ன மச்சம் இருந்தது.

சாப்பிட்டபின் எப்படியோ ஆரம்பித்தேன். "அன்னிக்கு நான் கடையில..."

"தெரியும்," என்றாள். "உங்களுக்கு ரயில் எத்தனை மணிக்கு? நம்ம மணியில சொல்லுங்க."

சொன்னேன். "அப்போ இன்னும் நேரம் இருக்கு," என்று சொல்லி, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ரயில் நேரம் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பையில் சீப்பு இருந்தது.

அந்த ஆறு மாதம்

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் பின்னுக்கு வந்தன. மாத்திரையும் வந்தது. "வண்டு வந்துருச்சு," என்று எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிட்டாள். முடி தோள் வரை வளர்ந்திருந்தது.

"பின்னட்டுமா?" என்றேன்.

"வேணாம். ரெங்கம்மா அக்கா வரேன்னிருக்காங்க. உங்களுக்கு ஆபீசுக்கு நேரமாகும்."

அலுவலகம் இப்போது பழைய மணியில். நேரம் எவ்வளவோ இருந்தது.

பிறகு எங்கள் மகனைச் சுமந்தபோது ஓர் அதிசயம் நடந்தது. வலி விட்டுப்போனது. சில பெண்களுக்கு அப்படி ஆகுமாம். கோணிய விரல் நிமிரவில்லை, ஆனால் கை தோளுக்கு மேல் எழுந்தது. ஏறக்குறைய ஆறு மாதம் அவளே தலை வாரிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று, கோணல் விரல்களில் சீப்பைச் செருகி, மெதுவாக, மெதுவாக. பாடிக்கொண்டே வாருவாள்.

நான் கதவோரம் நின்று பார்ப்பேன். என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருப்பேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள் வலியில்லாமல் இருந்த அந்த மாதங்களில் நான் அந்த இருட்டுச் சமையலறைக்கு ஏங்கினேன். என் கையில் அவள் முடியும், பேசினில் அவள் கையும், போர்ட்டரும் ஸ்டேஷன் மாஸ்டரும். அவளுக்கு நல்லது நடக்கும்போது கெட்ட காலத்தை விரும்பியவன் நான்.

பிள்ளை பிறந்ததும் வலி திரும்பி வந்தது. கடைசி வரை வேறு யாராவதுதான் அவளுக்குத் தலை வாரினார்கள். முதலில் ரெங்கம்மா அக்கா, பிறகு வீடு மாறியபின் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒருவேளை அவளும் நான் மறுபடி கேட்பேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது வழியில்லை.

பொத்தான்

இப்போது என் விரல்களும் வீங்கியிருக்கின்றன. அவளுடைய நோய் அல்ல, வயதின் நோய். காலையில் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் வைத்துக் கையை விடுகிறேன். தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஆறிப்போகிறது என்பதை இந்தக் கையால் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வருடம் ஆயிற்று.

சட்டைப் பொத்தானை என்னால் போட முடிவதில்லை. மகன் போட்டுவிடுகிறான். அவனுக்கே நரைத்துவிட்டது. வேலைக்குப் போகும் அவசரத்தில், கார் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, வாசல் வராந்தாவில் நிறுத்தியே போட்டுவிடுவான். உள்ளே போய்ப் போடலாமே என்று ஒரு தடவை சொன்னேன். "ஏன்ப்பா, இங்கதானே வெளிச்சம் இருக்கு," என்றான்.

நேற்றும் அப்படித்தான். மூன்றாவது பொத்தானில் இருக்கும்போது எதிர்வீட்டுச் சீனர் குப்பை போட வெளியே வந்தவர், நின்று எங்களைப் பார்த்தார். எனக்கு உடம்பு கூசியது. மகன் திரும்பி அவருக்குக் கையை ஆட்டிவிட்டு, நாலாவது பொத்தானுக்குப் போனான்.